மருத்துவமனைக்குள் இன்ஜினியர் நுழைந்த கதை

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு படிப்பு இருப்பது இன்றைக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் அதைப் படித்தவர் என்ன வேலை செய்வார் என்று கேட்டால் பெரும்பாலோர் முழிப்பார்கள். "டாக்டரா, இன்ஜினியரா?" என்பது முதல் கேள்வி. இன்ஜினியர்தான் என்றால், "அப்போ ஆஸ்பத்திரியில உனக்கென்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ஐ.சி.யூ. அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படுக்கையில் ஒரு நோயாளி. அவரைச் சுற்றி வென்டிலேட்டர், இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர், மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப், பக்கத்தில் டீஃபிப்ரிலேட்டர். டாக்டரும் நர்சும் இவற்றைப் பயன்படுத்துவார்கள். ஆனால் மானிட்டர் காட்டும் எண் சரிதானா? பம்ப் சொன்ன அளவு மருந்தைத்தான் ஏற்றுகிறதா? அவசரத்தில் டீஃபிப்ரிலேட்டர் வேலை செய்யுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மருத்துவமனைக்குள் எப்படி வந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. யாரும் திட்டம் போட்டு உருவாக்கிய தொழில் இல்லை இது. ஒரு பழுது, ஒரு பயம், ஒரு விபத்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து உருவானது.

உப்புத் தண்ணீர் வாளியும் சாசேஜ் தோலும்

முதலில் நெதர்லாந்துக்குப் போவோம். லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்தவர் வில்லெம் ஐந்தோவன். இதயத்தின் மிகச் சிறிய மின் அலையைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை 1900களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இன்றைய ஈ.சி.ஜி.யின் தாத்தா அதுதான். ஆனால் தாத்தா கொஞ்சம் பருமன்! எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய பாத்திரங்களில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாதே! அதனால் 1905ல் மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் அலையை அனுப்பிப் பதிவு செய்தார்.

1924ல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு பல ஆண்டுகள் உழைத்த ஆய்வக உதவியாளர் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவருடைய குடும்பத்தாரைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஐந்தோவன் கொடுத்தார் என்று சொல்வார்கள். கருவியைத் திருகி, இறுக்கி, ஓட வைத்த கை யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது அதே நெதர்லாந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம். நாடு ஜெர்மானியர் பிடியில் இருக்கிறது. காம்பென் என்ற சின்ன ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்யப் பார்க்கிறார். சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தைச் சுற்றப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு பெரிய உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புக் கரைசலில் சுழல விட்டார். ரத்தத்திலிருக்கும் கழிவு செல்லோஃபேனின் நுண்துளைகள் வழியாகக் கரைசலுக்குப் போய்விடும். இதுதான் டயாலிசிஸ்.

யோசனை டாக்டருடையது. ஆனால் போர்க் காலத்தில் உருளை செய்து கொடுப்பது யார்? உள்ளூரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய பெர்க் என்பவர் உதவினார். சுழலும் உருளைக்கும் சுழலாத குழாய்க்கும் நடுவே ரத்தம் ஒழுகாத இணைப்பு ஒன்று வேண்டுமல்லவா? அதற்கான வழி ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பிலிருந்து கிடைத்தது.

1943ல் தொடங்கிய சிகிச்சையில் முதலில் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். 1945ல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவு திரும்பி எழுந்தார். அவர் நாஜிகளுக்கு உடந்தையாக இருந்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர் என்பது கதையின் விசித்திரம். எந்த ஆட்சியில் ஒளிந்து ஒளிந்து இந்தக் கருவி உருவானதோ அந்த ஆட்சிக்குத் துணை போனவர்தான் இதன் முதல் வெற்றி!

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கருவியைக் கண்டுபிடித்தவரே பக்கத்தில் நின்று அதை ஓட்டினார். பழுதானால் அவரே பார்த்தார். ஆனால் கருவிகள் பெருகி எல்லா மருத்துவமனைகளுக்கும் போன பிறகு? கண்டுபிடித்தவர் எல்லா ஊரிலும் இருக்க முடியாதே.

எட்டு டாலர் வருமானம்

சரி, இப்போது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். 1940களின் கடைசி. எர்ல் பாக்கன் என்ற மின்பொறியியல் மாணவரின் மனைவி அங்கே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்தார். மனைவியை அழைத்துப் போக வரும் பாக்கனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும் என்று அறிந்த ஊழியர்கள், "இந்தக் கருவி ஓடலையே, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவமனைக்குள் இத்தகைய வேலைக்கென்று ஆளே கிடையாது.

இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. 1949 ஏப்ரலில் பாக்கனும் அவருடைய சகலை பால்மர் ஹெர்மன்ஸ்லியும் சேர்ந்து ஒரு கார் ஷெட்டில் ரிப்பேர் கடை போட்டார்கள். பெயர் மெட்ரானிக். முதல் மாத வருமானம் 8 டாலர். பின்னாளில் உலகின் மிகப் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது இந்தக் கடைதான்.

ரிப்பேருக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே போய்வந்ததில் பாக்கனுக்கு டாக்டர் வால்ட்டன் லில்லஹையோடு பழக்கம் ஏற்பட்டது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகளுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்தவர் லில்லஹை. ஓட்டையை அடைக்கத் தையல் போடும்போது சில நேரம் இதயத்தின் மின் பாதை பாதிக்கப்படும். அறுவை வெற்றி, ஆனால் துடிப்பு மிக மெதுவாகிக் குழந்தை இறந்துவிடும். சில நாட்கள் வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுத்தால் அந்தப் பாதை தானே சரியாகிவிட வாய்ப்புண்டு.

அதற்கு ஒரு வழி அப்போது இருந்தது. பாஸ்டனில் டாக்டர் பால் ஸோல் 1952ல் மார்பின் தோல் மீது மின்தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைத்திருந்தார். ஆனால் தோல் வழியே கொடுக்க நிறைய மின்சாரம் வேண்டும், வலியும் அதிகம். குழந்தைகள் எப்படித் தாங்கும்? 1957 ஜனவரியில் லில்லஹை குழுவினர் மெல்லிய கம்பியை நேரடியாக இதயத் தசையிலேயே பொருத்தினார்கள். மிகக் குறைந்த மின்சாரமே போதுமானதாக இருந்தது. ஆனால் மறுமுனையில் இருந்த கருவி சுவரிலுள்ள பிளக்கில் செருகப்பட்டிருந்தது! குழந்தையை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போக வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டிக்கொண்டே போக வேண்டும். உயிர் ஒயரின் நீளத்துக்குள் கட்டப்பட்டிருந்தது.

1957 அக்டோபர் 31 அன்று அந்தப் பகுதியில் சில மணி நேரம் மின்தடை ஏற்பட்டது. பேஸ்மேக்கரை நம்பியிருந்த ஒரு குழந்தை அப்போது இறந்ததாகச் சொல்லப்படுகிறது. மின்வெட்டு என்றால் விசிறியும் டி.வி.யும் நிற்கும் என்று மட்டும் நினைக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

லில்லஹை பாக்கனிடம் ஒரு வழி கேட்டார். கார் பேட்டரியை வைத்துச் செய்யலாமா என்று பாக்கன் முதலில் யோசித்தார். பிறகு, இதயத்தைத் தூண்டத் தேவைப்படுவது மிகச் சிறிய துடிப்புதானே, அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு என்று தோன்றியது. 1956ல் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற பொழுதுபோக்குப் பத்திரிகையில், இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிக்கான சர்க்யூட் ஒன்று வந்திருந்தது. இரண்டே டிரான்சிஸ்டர்கள். தாளமும் துடிப்புதானே! அதைச் சற்று மாற்றி, சிறிய பேட்டரியோடு உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பெட்டியில் அடைத்தார். நான்கே வாரங்களில் வேலை முடிந்தது.

நாயிடம் சோதித்துப் பார்க்கத்தான் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த நாள் போனால், அது ஒரு குழந்தையின் உடம்போடு இணைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது! காத்திருந்தால் குழந்தை போய்விடும் என்பது டாக்டரின் கணக்கு. அந்தக் குழந்தை பிழைத்தது சரி, ஆனால் இன்றைய விதிகளின்படி இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதன் காரணம் கட்டுரையின் பின்பகுதியில் புரியும்.

அடுத்து வந்த பெட்டிகளில் பாக்கன் சில சின்ன மாற்றங்கள் செய்தார். குழந்தைகள் திருகிவிடாதபடி குமிழ்களை உள்ளே தள்ளி வைத்தார். கருவி ஓடுகிறதா என்று நர்ஸ் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள மினுக்கும் விளக்கு ஒன்றை வைத்தார். பெரிய கண்டுபிடிப்புகள் இல்லைதான். ஆனால் வார்டில் நின்று பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்.

இதயத்தோடு உள்ளே போன பெட்டி

வெளியே இருந்த பெட்டி உடம்புக்குள்ளேயே போனது 1958ல். ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு ஒரு நாளில் பல தடவை இதயம் நின்று மயக்கம் வந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி அறுவை மருத்துவர் ஓக்கே செனிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்தார். உள்ளே பொருத்தும் கருவி இன்னும் தயாராகவில்லை என்றார்கள். "அப்படியானால் தயார் செய்யுங்கள்" என்பதுதான் அந்த அம்மாவின் பதில். எல்ம்க்விஸ்ட் மருத்துவம் படித்துவிட்டு இன்ஜினியராக வேலை பார்த்தவர். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, சுற்றிலும் எப்பாக்சி பிசின். பிசினை வார்க்க அச்சாக அமைந்தது ஷூ பாலிஷ் டப்பா! அக்டோபர் 8 அன்று அதை உள்ளே பொருத்தினார்கள். சில மணி நேரத்திலேயே அது நின்றுவிட்டது. கைவசம் இருந்த இன்னொன்றை வைத்தார்கள்.

லார்சன் தன் வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, 2001 டிசம்பரில் 86 வயதில் இறந்தார். அதுவும் இதய நோயால் அல்ல, புற்றுநோயால். அவரைக் காப்பாற்றிய டாக்டரும் இன்ஜினியரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

ஆனால் 26 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் பேட்டரி தீர்ந்தது, கம்பி அறுந்தது, ஈரம் புகுந்தது என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பேட்ச் என்ற இன்ஜினியர் இந்தப் பிரச்சினையைத்தான் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இதய ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது தவறான ரெசிஸ்டரைப் போட்டுவிட, சர்க்யூட் ஒரு நொடிக்கு ஒரு தடவை துடித்ததாம். அதைக் கேட்டதும் இதயம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கையாலேயே பேஸ்மேக்கர்கள் செய்தார். 1960ல் அவை மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டன.

ரெசிஸ்டர் கதை எல்லோரும் சொல்வது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம் என்பது என் கருத்து. அன்றைய பாதரச பேட்டரி சுமார் இரண்டு ஆண்டுதான் உழைக்கும். தவிர, அது வாயுவை வெளிவிடும் என்பதால் கருவியைக் காற்றுப் புகாமல் மூடவும் முடியாது. மூடாவிட்டால் உடம்பின் ஈரம் உள்ளே போகும். 1970களில் கிரேட்பேட்ச் லித்தியம் அயோடைடு பேட்டரியைப் பேஸ்மேக்கருக்குக் கொண்டுவந்தார். வாயு இல்லை. பெட்டியை முழுக்க மூடி ஒட்டிவிடலாம். ஆயுளும் பல மடங்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நெஞ்சைத் திறக்க வேண்டிய எத்தனையோ பேருக்கு அந்தத் தொல்லை நீங்கியது. கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலையாக இருக்கலாம், அதைப் பழுதில்லாமல் ஆக்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது.

1200 என்ற எண்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் மின்கருவிகள் நிரம்பிவிட்டன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ள முறையான ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. அப்போது ஒரு பயம் கிளம்பியது.

எந்த மின்கருவியிலும் கொஞ்சம் மின்சாரம் அதன் உலோக உறைக்குக் கசியும். இதைக் கசிவு மின்னோட்டம் என்பார்கள். வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டால் சில நேரம் சுர்ரென்று இருக்குமே, அதுதான். நம் தோல் நல்ல தடுப்பு. ஒரு மில்லியாம்ப் அளவுக்குப் போனால்தான் விரலில் சுருக்கென்று உணரவே முடியும். ஆனால் ஒரு நோயாளியின் ரத்தக்குழாய் வழியே இதயம் வரை கதீட்டர் செருகியிருந்தால் தோலின் தடுப்பு அங்கே கிடையாது. அப்போது நாம் உணரவே முடியாத, மில்லியாம்பில் சில நூறில் ஒரு பங்கு மின்சாரம்கூட இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கலாம். கொல்லும் மின்சாரம், ஆனால் தொட்டுப் பார்த்த நர்சுக்கு ஒன்றும் தெரியாது. மைக்ரோஷாக் என்று இதற்குப் பெயர்.

1971ல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர், ஒரு பிரபலமான பெண்கள் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். மருத்துவமனைகளில் ஆண்டுக்குக் குறைந்தது 1200 அமெரிக்கர்கள் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்பது கட்டுரையின் குண்டு. எண்ணைச் சொன்னவர் பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் கார்ல் வால்ட்டர். ரத்தம் சேமிக்கும் பிளாஸ்டிக் பையை உருவாக்கியவர், சாதாரண ஆள் இல்லை. நாடே அதிர்ந்தது.

அந்த 1200க்கு ஆதாரம் எங்கே என்று தேடியவர்களுக்குக் கடைசி வரை எதுவும் அகப்படவில்லை. மைக்ரோஷாக் இயற்பியல்படி உண்மை. ஆனால் ஆண்டுக்கு 1200 சாவு என்பதை யாரும் நிரூபிக்கவில்லை.

ஆனாலும் பயம் தன் வேலையைச் செய்துவிட்டது. கருவிகளை எல்லாம் சோதித்துச் சான்று வையுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு நெருக்கடி வந்தது. மின்பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பெரும் பணம் செலவானது, அதில் தேவையில்லாததும் உண்டு. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வார்டாகப் போக ஆள் வேண்டுமே! இன்ஜினியர்களையும் டெக்னீஷியன்களையும் வேலைக்கு எடுத்தார்கள். கிளினிக்கல் இன்ஜினியர் என்ற பதவி பரவலானது இந்தக் காலத்தில்தான்.

உள்ளே போனவர்கள் கண்டது என்ன? தேடிப் போன கசிவு மின்சாரம் பெரிய பிரச்சினையாக இல்லை. ஆனால் கருவிகளின் நிலைமை மோசம். அளவு தவறிய மீட்டர்கள், சார்ஜ் நிற்காத பேட்டரிகள், உடைந்த பிளக்குகள், யாருக்கும் சரியாக இயக்கத் தெரியாத புதுக் கருவிகள். பேய் இருக்கிறதென்று வீட்டைச் சோதிக்கப் போனவர் பேயைக் காணாமல், உளுத்துப்போன உத்தரத்தைக் கண்டுபிடித்த கதை! கருவியின் பட்டியல், குறித்த நாளில் சோதனை, ஊழியருக்குப் பயிற்சி, வாங்கும் முன் ஆலோசனை என்று இன்றைய பயோமெடிக்கல் துறையின் அன்றாட வேலைகள் இப்படித்தான் வடிவம் பெற்றன. ஒரு பொய்யான எண் நல்லதொரு தொழிலை வளர்த்தது. அதற்காக அந்த எண்ணை மன்னித்துவிடலாமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

1976ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனிச் சட்டத் திருத்தம் வந்தது. ஆபத்து மிகுந்த புதிய கருவிகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்றானது. அலுமினியப் பெட்டியை இன்று கொடுத்து நாளை குழந்தைக்கு மாட்டும் காலம் முடிந்தது.

மால்ஃபங்ஷன் 54

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது இதற்குப் பதில்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி. கனடாவின் அரசு அணுசக்தி நிறுவனம் தயாரித்தது. மொத்தம் 11 கருவிகள்தான் பயன்பாட்டில் இருந்தன. இதற்கு முந்தைய மாடலில், தவறான கதிர் வெளிவராமல் தடுக்கத் தனியாக மின்-இயந்திரப் பூட்டுகள் இருந்தன. தெராக்-25ல் அவற்றை நீக்கிவிட்டுப் பாதுகாப்பைச் சாஃப்ட்வேரின் பொறுப்பில் விட்டார்கள். அந்த சாஃப்ட்வேரிலும் பெரும்பகுதி பழைய மாடல்களிலிருந்து வந்தது. பழைய மாடலிலும் அதே பிழை இருந்தது. ஆனால் அங்கே ஃப்யூஸ் போய்க் கருவி நின்றுவிடும், நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் பிழை வெளியே தெரியவே இல்லை.

1986 மார்ச், டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரம். கருவியை இயக்கிய பெண் அனுபவசாலி. எலக்ட்ரான் கதிர் என்று தட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, உடனே கவனித்து வேகமாகத் திருத்தினார். காந்தங்கள் சரியான நிலைக்கு வர எட்டு விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தைக் கருவி முழுதாக ஏற்கவில்லை. திரையில் மட்டும் சரியாகத் தெரிந்தது. "மால்ஃபங்ஷன் 54" என்று ஒரு வரி வந்தது. அது என்னவென்று கையேட்டில் சரியான விளக்கம் இல்லை. இப்படிச் சின்னச் சின்ன எச்சரிக்கைகள் தினமும் வந்து வந்து எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மீண்டும் தொடரும் பொத்தானை அழுத்தினார்.

உள்ளே இருந்த நோயாளிக்கு வழக்கமான அளவைப் போலப் பல பத்து மடங்கு கதிர் பாய்ந்தது. அவர் வலியில் துடித்தது வெளியே தெரியவில்லை. ஏன் தெரியுமா? அந்த அறையின் வீடியோ மானிட்டரின் பிளக் அன்றைக்குச் செருகப்படவில்லை. ஒலிபெருக்கி இணைப்பும் பழுதாகிக் கிடந்தது. சாஃப்ட்வேர் பிழையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பிளக்கைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவருக்கும் இதே நடந்தது. தங்கள் கருவியால் இப்படி அதிக அளவு கொடுக்கவே முடியாது என்பது தயாரிப்பாளரின் நிலைப்பாடாக இருந்தது. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் அதை ஏற்கவில்லை. இயக்கிய பெண்ணோடு உட்கார்ந்து, அவர் தட்டிய விசைகளைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். வேகமாகத் தட்டினால்தான் பிழை வருகிறது என்று கண்டுபிடித்தார். மெதுவாகச் சோதித்தவர்களுக்கு வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மொத்தம் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிரால் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள். நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993ல் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரை பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடமாகிவிட்டது. மருத்துவமனைக்குள்ளேயே கருவியை அறிந்த ஒருவர் இருந்து, தயாரிப்பாளர் சொல்வதை அப்படியே நம்பாமல் தானே சோதித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு டைலர் நல்ல உதாரணம்.

திருவனந்தபுரத்து வால்வு

நம் நாட்டில் என்ன நடந்தது? வாத ஜுரம் என்று தொண்டை வலியில் தொடங்கும் நோய் இந்தியாவில் ஏராளமான ஏழைக் குழந்தைகளின், இளைஞர்களின் இதய வால்வைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை எட்டாது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் (1934-2024), மருத்துவமனையோடு ஒரு தொழில்நுட்பப் பிரிவையும் சேர்த்தே வளர்த்தார். ஜி.எஸ். புவனேஷ்வர் போன்ற பொறியாளர்களும் டாக்டர்களும் ஒரே நிறுவனத்தில்! அங்கே தொடங்கியது உள்நாட்டு வால்வு முயற்சி.

வால்வு என்பது பார்க்க எளிமைதான். ஒரு வளையம், அதில் திறந்து மூடும் ஒரு தட்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு வருடத்தில் சுமார் 3 கோடியே 78 லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். ஒரு தடவை சிக்கினாலும் உயிர் போகும். தேயக் கூடாது, உடையக் கூடாது, மேலே ரத்தம் உறையக் கூடாது.

முதல் மூன்று மாடல்களும் தோற்றன. நல்ல வேளையாக எல்லாத் தோல்வியும் சோதனைக் கட்டத்திலேயே வெளிப்பட்டது. நான்காவது மாடலில் கோபால்ட் கலப்பு உலோகத்தை ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாகக் கடைந்து கூடு செய்தார்கள். தட்டுக்கு மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலின் பிளாஸ்டிக், தையலுக்குப் பாலியஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

மினியாபொலிஸில் நான்கு வாரம், திருவனந்தபுரத்தில் பத்து வருடத்துக்கும் மேல். இடையில் உலகம் கற்றுக்கொண்ட பாடம்தான் அந்த வித்தியாசம். கருவியால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவக் கருவி விதிகள் 2017ல் வெளியாகி 2018 ஜனவரி முதல் அமலுக்கு வந்தன. தாமதம்தான், ஆனாலும் வந்தன.

கடைசியாக

2011ல் வெளியான ஓர் ஆய்வு வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளிலுள்ள கருவிகளைக் கணக்கெடுத்தது. சராசரியாக 38 விழுக்காட்டுக்கு மேல் ஓடாமல் கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு அதைவிடச் சுவாரசியமானது. பழுதென்று வந்த கருவிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, வெளிநாட்டு உதிரிபாகம் இல்லாமல், அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒருவரே சரிசெய்துவிட முடியும் என்றது அது. பிளக், ஃப்யூஸ், பேட்டரி, அடைபட்ட குழாய், சரியாக இயக்கத் தெரியாமை. பாக்கன் 1949ல் பார்த்த அதே வேலைகள்தான்!

எங்கள் துறையில் சேரும் எல்லோருக்கும் புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கனவு இருக்கும். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வாங்கி வைத்த வென்டிலேட்டர் மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஒரு மருத்துவமனைக்கு முதல் தேவை இன்னொரு கண்டுபிடிப்பு இல்லை, அதைத் திறந்து பார்க்கும் ஒரு ஆள். அந்த ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததைச் செய்தியாக யாரும் எழுதுவதில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனால் மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். கடைசியாகச் சோதித்த தேதியும் அடுத்து சோதிக்க வேண்டிய தேதியும் இருக்கும். அந்தத் தேதி தாண்டியிருந்தால், தயங்காமல் கேளுங்கள்.